வலையில கடல் பாம்பு மாட்டினா கை வைக்காம எடுக்குறது எப்படி, கடிச்சுட்டா என்ன பண்றது

காசிமேட்டுலேருந்து திருவொற்றியூர், எண்ணூர், தாழங்குப்பம், அந்தாண்ட பழவேற்காடு வரைக்கும் வலை போடுற யாருக்கும் கடல் பாம்பு புதுசு இல்ல. இழுவை வலையோட மடி கொட்டுனா மீனோட ஒண்ணு ரெண்டு விழும், நண்டு வலையில சுத்திக்கினு வரும், கரைவலை இழுக்கும்போதும் வரும். ஆனா வந்ததுக்கு அப்புறம் நம்ம ஆளுங்க பண்றதுதான் பயமா இருக்கு. சில பேரு கண்டதுமே கட்டையால அடிச்சு போட்டுடுறாங்க, சில பேரு "இதுக்கு வாய் சின்னது, விரல் இடுக்குலதான் கடிக்க முடியும், ஒண்ணும் ஆவாது"ன்னு வாலை புடிச்சு சுத்தி வீசுறாங்க. ரெண்டுமே வேணாம். போட்டுல போறவங்க, கரையில மீன் பிரிக்கிற அக்காங்க, உப்பங்கழியில எறங்கி இறால் தடவுறவங்க, பீச்சுல சுத்துற பசங்க எல்லாருக்குமே உபயோகப்படட்டும்னு தெரிஞ்சதெல்லாம் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போவும், பொறுமையா படிங்க.

மத்ததெல்லாம் மறந்தாலும் இத மட்டும் மறக்காதீங்க. கடல் பாம்பு கடிச்சா பெருசா வலிக்காது, வீங்காது, ரத்தமும் கொட்டாது. கெளுத்தி முள்ளு குத்துனா துடிச்சு போயிடுறோம், ஆனா இது குத்துனது பல பேருக்கு தெரியவே தெரியாது, ஏதோ முள்ளு பட்டுச்சுன்னு கைய தொடச்சிட்டு வேலைய பாப்பாங்க. வலிக்கலயேன்னு விட்டுட்டு படுத்து தூங்குறதுலதான் உசுரு போவுது. வலி இருக்கா இல்லயான்னு பாத்து முடிவு பண்ற பாம்பு இது இல்ல.

பாம்பா விலாங்கான்னு எப்படி பாக்குறது

வலை பூரா சேறும் பாசியுமா, அதுவும் ராத்திரி லைட்டுல பாக்கும்போது விலாங்கும் பாம்பும் ஒண்ணாத்தான் தெரியும். மொதல்ல வாலை பாருங்க. கடல் பாம்புக்கு வால் ரெண்டு பக்கமும் தட்டையா, துடுப்பு மாதிரி இருக்கும். பாம்பு விலாங்குக்கு வால் நுனி கூரா போயிடும், அஞ்சாளை விலாங்குக்கு முதுகுலேருந்து வால் வரைக்கும் துடுப்பு சதை ஓடும், தோல் வழவழன்னு சளியா இருக்கும். பாம்புக்கு செதில் நல்லா தெரியும், தலைக்கு பின்னாடி செவுள் ஓட்டை இருக்காது, அப்பப்போ நாக்கோட பிளந்த நுனி மட்டும் வெளிய எட்டிப் பாக்கும்.

நாட்டுப் பாம்புக்கும் கடல் பாம்புக்கும் வித்தியாசம் தெரியறதும் ரொம்ப முக்கியம், ஏன்னு பின்னால ஆஸ்பத்திரி விஷயத்துல சொல்றேன். ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டி கொசஸ்தலை ஆத்துல வெள்ளம் வந்துச்சுன்னா நாகம், கண்ணாடி விரியன் எல்லாம் அடிச்சுக்கினு வந்து முகத்துவாரத்துல, பீச்சுல கெடக்கும். அதுங்களுக்கு வால் உருண்டையா கூரா இருக்கும், அடிவயித்துல அகலமான பட்டை செதில் ஒண்ணு பின்னால ஒண்ணா அடுக்கியிருக்கும். கடல் பாம்புக்கு அந்த அகலமான பட்டை கிடையாது, அடி செதில் எல்லாம் சின்னதாயிடுச்சு, அதனாலதான் அத மணல்ல போட்டா ஊர முடியாம பொரண்டுக்கினே கெடக்கும்.

இன்னும் ரெண்டு பாம்பு கழியில இருக்கு, பாவம் கடல் பாம்புன்னு நெனச்சு அதுங்களையும் அடிக்கிறாங்க. ஒண்ணுக்கு தோல் சொரசொரன்னு, பெரிய சைஸ் சட்டை போட்ட மாதிரி தொளதொளன்னு இருக்கும், அதுக்கு விஷமே கிடையாது. இன்னொண்ணு அலையாத்தி ஓரம் சேத்துல இருக்குற நாய்த்தலை தண்ணிப் பாம்பு, அதுக்கு லேசான விஷம்தான், மனுஷனுக்கு ஆபத்து இல்ல.

நம்ம பக்கம் வர்றது எதெல்லாம்

நம்ம வலையில வர்ற கடல் பாம்பு பெரும்பாலும் ஹைட்ரோஃபிஸ்னு ஒரே பேரினத்துலதான் வருது. அந்த பேரினத்துல உலகம் பூரா மொத்தம் ஏறக்குறைய 50 இனம் இருக்கு. முன்னாடி இதையெல்லாம் தனித்தனி பேர்ல பிரிச்சு வெச்சிருந்தாங்க, டி.என்.ஏ பாத்ததுக்கு அப்புறம் 2013 வாக்குல பெரும்பாலானத ஒரே பேர்ல சேத்துட்டாங்க. நாகம், கட்டுவிரியன் இருக்குற அதே குடும்பம்தான் இதுவும். ஆஸ்திரேலியா பக்கத்து தரைப் பாம்பு ஒண்ணு 60 லட்சம், 80 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கடல்ல எறங்கி, அதுலேருந்து இத்தனை வகையா பிரிஞ்சிருக்கு.

இதுல நாம ஜாக்கிரதையா இருக்க வேண்டியது வலைக்கடியன். புத்தகத்துல ஹைட்ரோஃபிஸ் ஸ்கிஸ்டோசஸ். 1803ல இதுக்கு அந்த பேர வெச்சதே நம்ம தரங்கம்பாடியில கெடச்ச பாம்ப வெச்சுத்தான், அதனால இது சோழமண்டலக் கரைக்கு சொந்தக்காரன்னே சொல்லலாம். ஆஸ்திரேலியாவுல இதே மூஞ்சியோட ஒண்ணு இருக்கு, ரொம்ப நாளா ரெண்டும் ஒண்ணுன்னே நெனச்சாங்க, அப்புறம் டி.என்.ஏல பாத்தா அது வேற வம்சம், ஒரே மாதிரி இரையும் கலங்கல் தண்ணியும் ரெண்டையும் ஒரே சாயலுக்கு கொண்டாந்திருக்கு. வலைக்கடியன் ஒரு மீட்டர் வாக்குல இருக்கும், சிலது அதுக்கு மேலயும் போவும். முதுகு சாம்பல் கலர், வயிறு வெளுப்பு, குட்டியில கறுப்பு பட்டை தெளிவா இருக்கும், வயசாக வயசாக மங்கிடும்.

செத்த பாம்பு ஒண்ணு கெடச்சா கிட்டக்க பாருங்க, ஆனா கையால வேணாம், குச்சியால தலைய திருப்பி பாருங்க. மேல் உதட்டு நுனி கீழ வளைஞ்சு கீழ்த்தாடைய தாண்டி தொங்கும். அந்த கீழ்த்தாடையோட நடு செதில் மத்த பாம்புல முக்கோணமா இருக்கும், இதுல நூல் அளவுக்கு ஒல்லியாகி ரெண்டு பக்க செதிலுக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல ஒளிஞ்சிருக்கும். அந்த பள்ளம் விரிஞ்சு குடுக்கறதால தாடை ரொம்ப அகலமா தொறக்கும், அப்படி தொறந்துதான் முள்ளோட இருக்குற கெளுத்திய தலைப்பக்கமா முழுங்குது. பேத்தை மீனையும் விடாது. சில நேரம் கெளுத்தி முள்ளு பாம்போட உடம்ப உள்ளேருந்து குத்தி வெளிய நீட்டிக்கினு இருக்கும், அதோடயே நீந்திக்கினு இருக்கும். இப்ப சொல்லுங்க, கெளுத்திய முழுசா முழுங்குற வாய்க்கு நம்ம விரல், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் எட்டாதா? வாய் சின்னது கடிக்காதுங்கற பேச்சு இதோட போவட்டும்.

அடுத்தது பட்டை பட்டையா இருக்குற ஹைட்ரோஃபிஸ் சயனோசிங்டஸ், நல்லா நீளமா வளரும், விலாங்கு மாதிரி நீளமான மீனைத் தேடி திங்கும், இதோட கடியும் ஆபத்து. மஞ்சள் உடம்புல மெல்லிசா கறுப்பு வளையம் போட்டது ஸ்பைராலிஸ், கடல் பாம்புலயே நீளமானது இதுதான், மூணு மீட்டர் கிட்ட வரைக்கும் போவும், பாத்தாலே பயம் வரும், ஆனா தானா வந்து கடிக்கிறது இல்ல. குட்டையா குண்டா பெரிய செதிலோட இருக்குறது கர்டஸ், ஆம்பளை பாம்புக்கு வயித்து செதில்ல முள்ளு முள்ளா இருக்கும், இழுவை மடியில நெறைய வரும். தலை ரொம்ப சின்னதா கழுத்து ஒல்லியா பின்பக்கம் மட்டும் தடியா இருந்தா அது கிராசிலிஸ், மண்ணுல பொந்து வெச்சிருக்குற விலாங்க உள்ள தலைய விட்டு புடிக்கறதுக்கு அந்த ஒல்லித் தலை.

மேல கறுப்பு கீழ மஞ்சள், வால்ல புள்ளி, இது பிளாட்டூரஸ். ஆழ்கடல்ல நுரையும் குப்பையும் கோடு கட்டி மிதக்கும் பாருங்க, அதுக்கு கீழ மிதந்துக்கினு சின்ன மீனுங்கள புடிக்கும். ஆப்பிரிக்கா கரையிலேருந்து அமெரிக்கா கரை வரைக்கும் பரவியிருக்குற ஒரே கடல் பாம்பு இதுதான், அட்லாண்டிக்ல மட்டும் இல்ல. காத்து அடிச்சா கரை ஒதுங்கும்.

அது எப்படி வாழுதுன்னு தெரிஞ்சா வேலை சுலபம்

இதுக்கு செவுள் இல்ல, நம்ம மாதிரி காத்துதான் வேணும். ஒரே நுரையீரல், அது கழுத்துலேருந்து கிட்டத்தட்ட வால் ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் நீண்டு கெடக்கும், காத்து சேத்து வெக்கறதுக்கும் மிதக்கறதுக்கும் அதுதான். மூக்கு ஓட்டை மேல பாத்து இருக்கும், முங்கும்போது சதை மூடிக்கும். தோல் வழியாவும் தண்ணியிலேருந்து ஆக்சிஜன் எடுக்கும், பிளாட்டூரஸ்ல தேவையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் அப்படி வருதுன்னு கண்டுபுடிச்சிருக்காங்க. சயனோசிங்டஸுக்கு நெத்தியில தோலுக்கு அடியில ரத்தக் குழாய் வலை பின்னி இருக்கு, 2019ல வெளிய வந்த சேதி, அதுவும் தண்ணியிலேருந்து ஆக்சிஜன் எடுத்து மூளைக்கு குடுக்கறதுக்குத்தான்னு சொல்றாங்க. இவ்ளோ இருந்தும் சாதாரணமா அரை மணி நேரத்துக்குள்ள மேல வந்து மூச்சு விட்டாகணும், சில நேரம் அதுக்கு மேலயும் தாக்குப் புடிக்கும். இப்ப யோசிங்க, லாஞ்சு மடிய கீழ விட்டு மணிக்கணக்கா இழுத்தா உள்ள மாட்டுன பாம்பு மூச்சு முட்டித்தான் சாவும். நீந்தி ஓயாம போராடுறதால இன்னும் சீக்கிரம் காத்து தீந்துடும்.

குட்டி தண்ணிக்குள்ளயேதான் போடும், முட்டை கிடையாது, கரைக்கு வர வேண்டிய வேலையே இல்ல. வலைக்கடியன் ஒரு ஈத்துல 20, 30 குட்டி கூட போடும், ஆனா அதுல பெருசாகுறது ரொம்ப கொஞ்சம்தான், மீன் தின்னுடும், வலையில போயிடும். மத்த வகையெல்லாம் பெரும்பாலும் அதை விட கம்மியாத்தான் போடும். குட்டிக்கும் பொறந்த நாளே விஷம் உண்டு, சின்னதா இருக்கேன்னு பசங்க கையில குடுத்துடாதீங்க.

உப்புத் தண்ணிய குடிச்சு உயிர் வாழுதுன்னு ரொம்ப பேர் நெனச்சிட்டிருக்காங்க. நாக்குக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு, உடம்புல சேர்ற உப்ப அதுதான் வெளிய தள்ளும். ஆனா குடிக்க அதுக்கும் நல்ல தண்ணிதான் வேணும். பிளாட்டூரஸ் மாசக்கணக்கா தாகத்தோட இருந்துட்டு, பெரு மழை பெஞ்சு கடல் மேல நல்ல தண்ணி ஒரு படலமா நிக்கும்போது அத குடிக்குதுன்னு 2014ல எழுதியிருக்காங்க. தரைப் பாம்பை விட அடிக்கடி சட்டை உரிக்கும், ஒட்டிக்கினு இருக்குற பாசி, கொட்டலசு எல்லாம் அதோட போயிடும், ஆழ்கடல்ல ஒரசறதுக்கு கல்லு இல்லாததால பிளாட்டூரஸ் தன் உடம்பையே முடிச்சு போட்டு உருவிக்கும். வலையில முடிச்சு போட்டுக்கினு இருக்குறத பாத்தா கோவமா இருக்குன்னு அர்த்தம் இல்ல, விடுபடப் பாக்குது, அவ்ளோதான்.

வலையிலேருந்து எடுக்குறது

முக்கியமான விதி ஒண்ணே ஒண்ணு, பாம்புக்கும் கைக்கும் நடுவுல எப்பவும் ஒரு கம்பாவது இருக்கணும். கடி விழறதுல பெரும்பாலும் வலைய கைப்புடியா அள்ளும்போதும், குவியல்ல கைய விட்டு மீன் பொறுக்கும்போதும்தான்.

செவுள் வலை, நண்டு வலைன்னா இழுத்துக்கினே வரும்போது தண்ணிக்கு மேல வலைய பாத்துக்கினு ஒருத்தர் நிக்கணும். பாம்பு தெரிஞ்சா இழுக்குறத நிறுத்துங்க, அந்த எடத்த உள்ள கொண்டு வராம பலகைக்கு வெளியவே தொங்க விடுங்க. லேசா மாட்டியிருந்தா வலைய தளர்த்தி குலுக்குனாலே நழுவி தண்ணியில விழுந்துடும், பாதி நேரம் இதுவே போதும். சுத்திக்கினு இருந்தா நுனி வளைஞ்ச கம்பி ஒண்ணால கண்ணிய ஒவ்வொண்ணா தள்ளி விடுங்க, வால் பக்கத்துலேருந்து ஆரம்பிக்காதீங்க, தலை எங்க இருக்குன்னு மொதல்ல பாத்து தலைய கம்பால ஓரமா ஒதுக்கிட்டு அப்புறம் உடம்ப விடுவிங்க. அப்பவும் வரலன்னா நாலு கண்ணி அறுத்து விடுங்க. வலை காசுதான், எனக்கும் தெரியும், ஆனா நாலு கண்ணிய கரையில உக்காந்து அரை மணியில பின்னிடலாம்.

இழுவை மடின்னா கொட்டுன உடனே யாரும் கை வைக்கக் கூடாது. நீள காம்பு வெச்ச பலகையால குவியல பரப்பி விடுங்க, ரெண்டு நிமிஷம் பொறுங்க, பாம்பு இருந்தா நெளியும், தெரிஞ்சிடும். நெளியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல, மூச்சு முட்டி மயங்கி கெடக்கும். செத்த மாதிரி கெடக்குற பாம்புதான் ரொம்ப பேர கடிச்சிருக்கும், ஏன்னா அத மீனோட சேத்து அள்ளிடுவாங்க. செத்த பாம்போட தலை கூட கொஞ்ச நேரத்துக்கு கடிக்கும், தலைய வெட்டிட்டா பிரச்சனை தீந்துச்சுன்னு நெனைக்காதீங்க.

எடுத்து போடுறதுக்கு வாய் அகலமான கூடையோ நீள காம்பு வெச்ச கோருவலையோ போதும். கூடைய தரையில சாய்ச்சு வெச்சு பலகையால பாம்ப உள்ள தள்ளுங்க. வாலை புடிச்சு தூக்கலாம்னு வீடியோவுல காட்டுவாங்க, அத செய்யாதீங்க, வலைக்கடியன் சுருண்டு மேல ஏறி கடிக்கும், அதுவும் ஆடுற போட்டுல கால் நழுவுனா கதை முடிஞ்சுது. இஞ்சின நியூட்டர்ல போட்டுட்டு, புரொப்பல்லர் பக்கம் இல்லாம, தண்ணிக்கு கிட்டக்க கொண்டு போயி கூடைய சாய்ச்சு விடுங்க. தூரத்துலேருந்து வீசி எறிஞ்சா தண்ணியில அறையறதுலயே உள்ள அடிபடும்.

பாம்பு தொவண்டு போயி கெடந்தா நேரா தண்ணியில போடாதீங்க, நீந்த தெம்பு இல்லாம முங்கி செத்துடும். பக்கெட்டுல தண்ணி ஊத்தி அதுல போடுறதும் அதே தப்புதான். ஈரச் சாக்கு விரிச்ச கூடையில நெழல்ல மூடி போட்டு வைங்க, மூடியில காத்து ஓட்டை இருக்கணும். காத்து உள்ள போயி தெளிஞ்சு தலைய தூக்கி நாக்கு நீட்ட ஆரம்பிச்சதும் விடுங்க. வெயில்ல சுடுற தளத்துல போட்டா கொஞ்ச நேரத்துல செத்துடும். இது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வர்ற பிராணி, கொல்றதும் விக்கிறதும் குத்தம். ஆமைய விடுறதுக்கு நம்ம குப்பத்துல எவ்ளோ பேர் ராத்திரி முழிச்சிக்கினு பீச்சுல நடக்குறாங்க, அதுல பாதி அக்கறைய இது மேலயும் வெக்கலாம்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

ராத்திரி லைட்டு போட்டு மீன் புடிக்கும்போது வெளிச்சத்துக்கு பாம்பும் மேல வரும், அப்போ கைய தண்ணியில விட்டு அளையாதீங்க. கரையில மீன் பிரிக்கிற அக்காங்களுக்கு, கழிசல் மீன் குவியல்ல சின்ன பாம்பு ஒளிஞ்சிருக்கும், தடி ரப்பர் கிளவுஸ் போட்டுக்கோங்க, இதோட முன்பல் ரொம்ப குட்டை, நல்ல தடிமனான ரப்பர் தாங்குறதுக்கு வாய்ப்பு இருக்கு. கழியில எறங்கி கையால தடவி இறால் புடிக்கிறவங்க கால தூக்கி தூக்கி வைக்காம தரைய தேச்சுக்கினே நடக்கணும், மிதிச்சாத்தான் அது கடிக்கும், ஒரசுனா வெலகிப் போயிடும். கலங்கல் தண்ணியில வலைக்கடியன் நெறைய இருக்கும், முகத்துவாரத்துல வெள்ளம் எறங்குற சமயம் தடவுற வேலைய தள்ளிப் போடுங்க.

கடிச்சுட்டா

பொட்டு பொட்டா ஊசி குத்துன அடையாளம் ஒண்ணு ரெண்டு தெரியலாம், சில நேரம் நாலஞ்சு கூட இருக்கும், ஒடஞ்ச பல் உள்ளயே இருக்கலாம். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. நல்ல சேதி என்னன்னா கடிச்சதுல நெறைய பேருக்கு விஷமே ஏறாது, பாம்பு சும்மா கடிச்சு விட்டுடும். கெட்ட சேதி, ஏறுச்சா இல்லயான்னு அந்த நேரத்துல யாராலயும் சொல்ல முடியாது. வலைக்கடியன் விஷம் சொட்டுக்கு சொட்டு பாத்தா நாகத்தை விட பல மடங்கு வீரியம். அதனால எல்லா கடியையும் விஷக்கடியா நெனச்சே கெளம்புங்க.

ஏறியிருந்தா அரை மணியிலேருந்து மூணரை மணி நேரத்துக்குள்ள ஒடம்பு காட்ட ஆரம்பிக்கும். மொதல்ல ஒடம்பு வலி, கழுத்து, தோள், தொடை எல்லாம் இறுகும், அசைச்சா வலிக்கும். தாடை இறுகிப் போயி வாய தொறக்க முடியாது. நாக்கு தடிச்ச மாதிரி, தாகம், வாந்தி, கண் இமை தொங்கும், பேச்சு கொழறும். விஷம் ரெண்டு வேலை பண்ணுது, ஒண்ணு நரம்பு தசைக்கு அனுப்புற தகவல தடுத்து மூச்ச நிறுத்தும், இன்னொண்ணு தசையவே கரைக்கும். கரைஞ்ச தசை ரத்தத்துல கலந்து கிட்னிக்கு போவும், மூணு மணியிலேருந்து எட்டு மணி நேரத்துக்குள்ள மூத்திரம் டீ டிகாஷன் கலர்ல போவும். தசையிலேருந்து வெளிய வர்ற பொட்டாசியம் இதயத்தை நிறுத்திடும், கிட்னியும் படுத்துடும். ராத்திரி கடி வாங்கி, காலையில ஒடம்பு வலிக்குது காய்ச்சல் போலருக்குன்னு மாத்திரை போட்டுக்கினு படுத்தா என்ன ஆவும்னு பாத்துக்கோங்க.

அப்போ செய்ய வேண்டியது. கடிபட்டவர உக்கார வைங்க, படுக்க வைங்க, நடக்க விடாதீங்க, வலை இழுக்க விடவே கூடாது. தசை வேலை செய்ய செய்ய விஷம் சீக்கிரம் பரவும். மோதிரம், கயிறு, வாட்ச் கழட்டுங்க. கடி வாயில தண்ணி ஊத்தி தேய்க்காதீங்க, பிளேடு வேணாம், வாய் வெச்சு உறிய வேணாம், கயித்தால இறுக்கி கட்டவே வேணாம், கட்டுனா கை அழுகிடும், விஷமும் நிக்காது. அகலமான கிரேப் பேண்டேஜ் இருந்தா சுளுக்குக்கு சுத்துற அளவுக்கு விரல்லேருந்து மேல வரைக்கும் சுத்தி, ஒரு கட்டை வெச்சு கைகால் அசையாம கட்டுங்க, விரல் நுனி செவப்பா இருக்கணும், நாடி ஓடணும். சாராயம், பச்சிலை, வெறும் வயித்துல மொளகு இதெல்லாம் குடுத்து நேரம் போக்காதீங்க. வாந்தி வந்தா இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வைங்க. மூச்சு நின்னா வாயோட வாய் வெச்சு ஊதுங்க, ஊதிக்கினே இருங்க, விஷம் மூச்சு தசையத்தான் நிறுத்தியிருக்கு, அத தாண்டிட்டா ஆளு முழுசா பொழைக்க முடியும்.

ஃபைபர் போட்டுன்னா உடனே கரை. பல நாள் தங்கல் போன லாஞ்சுன்னா போட்ட ஓட்டுற ஸ்ராங்கு அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள், டீசல் செலவு, மீன் பாடு பாக்காம கிட்டக்க எந்த துறைமுகம் இருக்கோ அங்க திருப்புங்க, கடலோர காவல் படைக்கு 1554, வி.எச்.எஃப் வயர்லெஸ்ல 16வது சேனல்ல கூப்புடுங்க. கரைக்கு வந்து சேர்ற நேரத்துக்கு 108 நிக்கற மாதிரி முன்னாடியே போன் போடுங்க.

ஆஸ்பத்திரியில என்ன சொல்லணும்

நம்ம ஏரியாவுக்கு ஸ்டான்லி கிட்டக்க, அங்க இல்ல ஜி.எச்.ன்னு போங்க, வென்டிலேட்டரும் டயாலிசிஸும் இருக்குற எடமா இருக்கணும், முக்கு கிளினிக்குல ஊசி போட்டுக்கினு வர்ற வேலை இல்ல இது. உள்ள நுழைஞ்ச உடனே "கடல் பாம்பு கடிச்சுது, இத்தன மணிக்கு"ன்னு தெளிவா சொல்லுங்க. பாம்போட படம் இருந்தா காட்டுங்க, தலையும் வாலும் தெரியணும். பாம்ப புடிச்சு பையில போட்டுக்கினு போவாதீங்க.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, நம்ம ஊர்ல கெடைக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978லேருந்து இருக்குற இருளர் கூட்டுறவு சங்கத்துல அந்த நாலு பாம்போட விஷத்தைத்தான் எடுக்குறாங்க. கடல் பாம்புக்குன்னு மருந்து இந்தியாவுல தயாரிக்கறது கிடையாது, ஆஸ்திரேலியாவுல வலைக்கடியன் விஷத்தை வெச்சு தயாரிக்கிறாங்க. இங்க டாக்டருங்க பண்றது மூச்சுக்கு மெஷின், கிட்னிக்கு சலைன், டயாலிசிஸ், பொட்டாசியத்த கொறைக்க மருந்து. அது போதும், நேரத்துக்கு போனா அதுலயே நெறைய பேர் எழுந்து வந்துடுவாங்க. வெள்ளத்துல வந்த நாகமோ கண்ணாடி விரியனோ கடிச்சிருந்தா நெலமை வேற, அதுக்கு மருந்து உண்டு, அதனாலதான் வால் தட்டையா உருண்டையான்னு நீங்க பாத்து சொல்றது பெரிய உதவி.

மூத்திரம் போகும்போது கலர நீங்களும் பாருங்க, மாறுனா உடனே நர்ஸ் கிட்ட சொல்லுங்க. ரத்தத்துல தசை கரையுறத காட்டுற சி.கே, பொட்டாசியம், கிரியாட்டினின், கூட ஒரு ஈ.சி.ஜி., இதெல்லாம் பாத்தாச்சான்னு மரியாதையா கேக்கலாம், தப்பில்ல. ஒண்ணும் இல்லன்னு தோணுனாலும் டாக்டர் அனுப்புற வரைக்கும் எழுந்து வராதீங்க, ராத்திரி பூரா அங்கயே இருங்க. வீட்டுக்கு வந்தப்புறமும் கொஞ்ச நாளைக்கு மூத்திரம் கம்மியா போச்சுன்னா, கால் வீங்குச்சுன்னா திரும்ப போங்க. வலி மாத்திரை டாக்டர் சொல்லாம போடாதீங்க, அதுல சிலது கிட்னிய இன்னும் கெடுக்கும்.

கரையில ஒதுங்கி கெடந்தா

திருவொற்றியூர் பக்கம் கரைக்கு கல்லு கொட்டி வெச்சிருக்காங்க இல்ல, அலையில வர்ற பாம்பு அந்த கல்லு சந்துல மாட்டிக்கும். புயல் அடிச்சு ஓஞ்ச மறுநாள் செல்ஃபி எடுக்க பசங்க அங்கதான் ஏறுவாங்க, வேணாம்பா, சொன்னா கேளுங்க. மணல்ல கெடந்தா அதால உங்கள தொரத்த முடியாது, ரெண்டு ஆள் நீளம் தள்ளி நின்னா போதும். நாய், சின்னப் பசங்க கிட்ட வராம ஒருத்தர் காவல் இருங்க, ஒரு ஈரத் துணிய கம்பால மேல போத்தி வைங்க, வனத்துறைக்கு சொல்லுங்க. கரைக்கு வந்த பாம்பு பெரும்பாலும் அடிபட்டதோ சீக்கு வந்ததோதான், திரும்ப அலையில தள்ளுனா மறுபடியும் ஒதுங்கும், இல்ல முங்கிடும். மஞ்சளும் கறுப்புமா இருக்குற பிளாட்டூரஸ்தான் இப்படி அதிகம் கெடக்கும், பாக்க அழகா இருக்குன்னு பாட்டில்ல போட்டு வீட்டுக்கு கொண்டு போற பசங்க இருக்காங்க, அவங்கள பெத்தவங்க பாத்துக்கணும்.

போட்டுல ஏத்தி வெக்க வேண்டியது

ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை, போட்டெல்லாம் கரையில நிக்கும், வலை பின்றது, பெயின்ட் அடிக்கிறதுன்னு வேலை ஓடும். அந்த நேரத்துலயே இதையும் சேத்து தயார் பண்ணிடுங்க. ஒண்ணரை ஆள் நீளத்துக்கு நுனி வளைஞ்ச கம்பி ஒண்ணு, காம்பு வெச்ச பலகை, மூடி போட்ட கூடை, முழங்கை வரைக்கும் வர்ற தடி ரப்பர் கிளவுஸ் ஆளுக்கு ஒரு ஜோடி, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், தலையில மாட்டுற டார்ச்சு, நாலு இன்ச் அகல கிரேப் பேண்டேஜ் மூணு ரோலு, கைகால் கட்ட ரெண்டு பலகை துண்டு, தண்ணி படாத கவர்ல போட்டு 1554ம் 108ம் எழுதி ஸ்டியரிங் கிட்ட ஒட்டுன ஒரு சீட்டு. புதுசா வேலைக்கு சேர்ற தம்பிங்க, வெளி மாநிலத்துலேருந்து வந்து நம்ம லாஞ்சுல போறவங்க, அவங்களுக்கு மொத நாளே பாம்ப படத்துல காட்டி, குத்துன மாதிரி இருந்தா சின்னதா பெருசான்னு பாக்காம உடனே ஸ்ராங்கு கிட்ட சொல்லணும், யாரும் திட்ட மாட்டாங்கன்னு அவங்க பாஷையிலயே புரிய வெச்சிட்டு ஏத்துங்க.